எஸ்க் பள்ளத்தாக்கு, ஹெதர், அப்புறம் எங்கள் சிறுவயது

ஆகஸ்ட் பாதி தாண்டினால் எனக்கு நான் வளர்ந்த இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஞாபகம் வந்துவிடும். ஹெதர் என்கிற குட்டைப் புதர்ச்செடி பூக்கும் நேரம் அது. அதுவரை பழுப்பும் கறுப்புமாகக் கிடந்த மலைமுதுகு முழுக்க ஊதாவாக மாறி, காற்றில் தேன் வாசம் கலந்து, ஷூவெல்லாம் மகரந்தத் தூள் படிந்து சாம்பல் நிறமாகிவிடும். நான் இப்போது இருப்பது நகரத்தில், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர்தான். ஆனாலும் அந்த இரண்டு மூன்று வாரம் மனசு அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்ததை இந்த வருஷம் எழுதிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்த் யார்க் மூர்ஸ் என்கிற மேட்டுநிலத்தின் வடபகுதியில், எஸ்க் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கில், ஒரு சின்ன கிராமத்தில். மூர் என்றால் மரம் இல்லாத, காற்று ஓயாத, செடிகள் பாதி மட்கிச் சேர்ந்த கறுத்த பீட் மண் மேல் முழங்கால் உயரச் செடிகள் மட்டும் படர்ந்த பெரிய திறந்தவெளி. பள்ளத்தாக்கில் பச்சை வயல், கல்சுவர், பண்ணைவீடு, ஓடை. ஏறிப்போனால் ஒரு கல்சுவர் வரும், அதோடு பச்சை முடிந்துவிடும், அந்தப் பக்கம் மூர். அந்தச் சுவரில் இருக்கிற கேட்டைத் திறந்து மூடுவதுதான் எங்கள் சிறுவயதின் முக்கிய வேலை என்று சொல்லலாம், ஏனென்றால் அப்பா காரை ஓட்ட, அண்ணனோ நானோ இறங்கிப்போய் கேட் திறக்க வேண்டும், கார் உள்ளே போனதும் மறக்காமல் கொக்கியை மாட்ட வேண்டும். திறந்த கேட்டை அப்படியே விட்டுவிட்டு வருவதைப் போன்ற குற்றம் அந்த ஊரில் வேறில்லை.

அப்பா அந்தப் பக்கத்துக்கு டாக்டர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மெட்ராஸில் படித்து, அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து போனவர். அந்தக் காலத்தில் உள்ளூர் டாக்டர்கள் போகத் தயங்கிய இடங்களையெல்லாம் தேசிய சுகாதார சேவைக்காகத் தாங்கிப்பிடித்தவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். சுரங்க ஊர்கள், ஆலை ஊர்கள், இப்படிப் பண்ணைக் கிராமங்கள். மருந்துக்கடை தூரமாக இருக்கிற கிராமங்களில் டாக்டரே மருந்தும் கொடுக்கலாம் என்பதால் எங்கள் வீட்டு முன்னறை கிளினிக், அதையடுத்த சின்ன அறை மருந்து அறை. அம்மா அங்கே உட்கார்ந்து மாத்திரை எண்ணி பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுவாள். ஊரில் யாருக்கு என்ன நோய் என்று அம்மாவுக்குத் தெரியும். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஊர் அம்மாவை மதித்ததற்கு அதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் அப்பா வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். டான்பி, காசில்டன், வெஸ்டர்டேல், கிளெய்ஸ்டேல் என்று ஒவ்வொரு பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணை வரை. அப்பா மாடிக்குப் போய் வயசானவரைப் பார்த்துவிட்டு வரும்வரை நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருப்போம். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் தட்டு நிறைய ஏதாவது வரும். திரைந்த பால் வைத்துச் சுட்ட கர்ட் டார்ட், இஞ்சியும் ஓட்ஸும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்த பார்க்கின், மாவுக்குள் பன்றிக்கறியும் முட்டையும் வைத்துச் சுட்ட பை (pie). கூட, கறுப்புக் காப்பி நிறத்தில் டீ. "நௌ தென்" என்பதுதான் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வணக்கம். வேறு பேச்சு அதிகம் இருக்காது. என்னை "லாஸ்" (பொண்ணு) என்று கூப்பிடுவார்கள், அண்ணனை "லாட்" (பையா). கேள்வி கேட்டுத் துளைக்க மாட்டார்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்றுகூட யாரும் கேட்டதாக நினைவில்லை, அதைவிட எங்கள் கேட் மூடும் ஒழுங்கைத்தான் கவனித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் குட்டி போடும் மாசம். எந்தப் பண்ணை அடுப்படிக்குப் போனாலும் ரேபர்ன் அடுப்பின் கீழ்த்தட்டுக் கதவு திறந்திருக்கும், அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் வைக்கோலில் குளிர்ந்துபோன ஒரு ஆட்டுக்குட்டி. சூடு ஏறி அது தலையைத் தூக்கிக் கத்தினால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். தாயில்லாக் குட்டிகளுக்கு பாட்டிலில் பால் கொடுக்க எங்களை விடுவார்கள். அந்த இழுப்பு இருக்கிறதே, பாட்டிலோடு நம் கையையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு தடவை ஒரு பண்ணைக்காரர் எங்களைக் களத்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஆடு போட்ட குட்டி செத்துக் கிடந்தது. இன்னொரு ஆடு மூன்று குட்டி போட்டிருந்தது, இரண்டு மடிக்காம்பு மூன்றுக்குப் போதாது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, செத்த குட்டியின் நாலு கால் மூட்டைச் சுற்றிக் கீறி, கழுத்தில் ஒரு கீறல் போட்டு, தோலை ஸ்வெட்டர் கழற்றுகிற மாதிரி அப்படியே உருவினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தத் தோலை மூன்றாவது குட்டிக்கு மாட்டினார், கால் ஓட்டைகளில் அதன் கால்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு. வாலுக்கு மேல் இன்னொரு வால். அதைக் கொண்டுபோய்க் குட்டி இழந்த ஆட்டின் முன்னால் விட்டார். அது முதலில் காலைத் தட்டியது. அப்புறம் குனிந்து வால் பக்கம் மோந்தது, திரும்ப மோந்தது, தொண்டைக்குள் ஒரு மெல்லிய உறுமல் வந்தது. குட்டி மடிக்குள் தலையை முட்டி நுழைந்து குடிக்க ஆரம்பித்தது, இரண்டு வாலும் சேர்ந்து ஆடின. "ரெண்டு மூணு நாளில் தோலைக் கழற்றிவிடலாம், அதற்குள் இவள் பால் அதன் உடம்பு வழியாகப் போய் வாசம் வந்துவிடும்" என்றார்.

நான் அழுதேன். திரும்பி வரும்போது அப்பா காரில் சொன்னார், "நம்மூர்ல கன்னுக்குட்டி செத்துப்போனா தோலுக்குள்ள வைக்கோலத் திணிச்சு பசு முன்னால நிறுத்துவாங்கம்மா, அது நக்கிக்கிட்டே நிக்கும், பால் சுரக்கும். எங்க ஆச்சி வீட்ல பார்த்திருக்கேன்." அப்பாவுக்கு அந்தப் பண்ணைக்காரர்களோடு ஏன் அவ்வளவு எளிதாக ஒட்டியது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் ஒரு விவசாய வீட்டிலிருந்து இன்னொரு விவசாய ஊருக்குப் போயிருந்தார், அவ்வளவுதான்.

மூர் ஆடுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கறுப்பு முகம், வெள்ளை மூக்கு, சுருண்ட கொம்பு, இதுதான் ஸ்வேல்டேல் ஆடு. மேலே மூரில் வேலி கிடையாது. மைல் கணக்கில் திறந்த நிலம், பல பண்ணைகளின் ஆடுகள் அங்கே மேயும், ஆனால் ஒரு பண்ணையின் ஆடு இன்னொரு பண்ணையின் மேய்ச்சல் பக்கம் போகாது. தாய் ஆடு தன் குட்டியோடு தான் மேய்ந்த இடத்திலேயே மேயும், அந்தக் குட்டி பெரிதாகித் தன் குட்டியோடு அங்கேயே மேயும், இப்படித் தலைமுறை தலைமுறையாக. அந்த இடத்தை ஹெஃப்ட் என்பார்கள். பண்ணை கைமாறினால் ஆடுகளும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும், ஏனென்றால் புது ஆடுகளைக் கொண்டுவந்து விட்டால் அவை கடல் வரை ஓடிவிடும். யாருடைய ஆடு என்று தெரிய காதில் ஒரு வெட்டு, முதுகு ரோமத்தில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு பூச்சு. எந்த நிறம் எந்தப் பண்ணை என்று அண்ணன் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான், கார் ஜன்னலில் இருந்து பார்த்தே சொல்லிவிடுவான்.

இந்தப் பொதுநிலத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் பார்த்துக்கொள்ள டான்பியில் இன்றைக்கும் ஒரு கோர்ட் லீட் இருக்கிறது. இடைக்காலத்திலிருந்து வருகிற ஊர் மன்றம். பழைய டான்பி கோட்டையில் வருஷத்துக்கு ஒருமுறை கூடும். இங்கிலாந்தில் பெரும்பாலான ஊர்களில் இது என்றைக்கோ போய்விட்டது. ஹட்டன்-லி-ஹோல், கோத்லண்ட் மாதிரி கிராமங்களில் ஆடுகள் ஊர் நடுவில் இருக்கிற புல்வெளியிலேயே மேயும், நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். காரில் வருகிறவன்தான் ஒதுங்கிப் போக வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு வேலி போட்டுக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆடு உள்ளே வந்து ரோஜாவைத் தின்றுவிட்டது என்று புகார் சொல்லப்போனால், கேட்டை ஏன் மூடவில்லை என்றுதான் கேட்பார்கள்.

இப்போது மூரைப் பார்க்க வருகிறவர்கள் பலர் அதை மனிதக் கை படாத காடு என்று சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கும். அதில் கை படாத இடமே இல்லை. மூவாயிரம், நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால், வெண்கலக் காலத்தில், அங்கே இருந்த மரங்களை மனிதர்கள் வெட்டி விவசாயம் பார்த்தார்கள், மண் சத்திழந்து புளித்துப்போனது, ஹெதர் வந்தது. அந்த ஆட்களின் புதைமேடுகள் இன்னும் மலைமுதுகு எல்லாம் இருக்கின்றன. ஹோவ் என்பார்கள் அவற்றை. நாங்கள் சாண்ட்விச் சாப்பிடக் காற்று மறைவாக உட்காருவது அவற்றின் அடியில்தான், கீழே யார் படுத்திருக்கிறார்களோ என்று அண்ணன் பயமுறுத்துவான். ஆடும் தீயும் இல்லையென்றால் மூர் சில பத்தாண்டுகளில் பிர்ச் மரமும் பிராக்கன் பெரணியுமாக மூடிவிடும்.

தீ என்றால் வேண்டுமென்றே வைக்கிற தீ. அக்டோபரிலிருந்து ஏப்ரல் நடுவரைதான் அதற்கு அனுமதி. வயசான ஹெதரைத் துண்டு துண்டாக எரிப்பார்கள், பக்கத்துத் துண்டை விட்டுவிடுவார்கள். எரித்த இடத்தில் இளம் தளிர் வரும், குரௌஸ் பறவைக்கும் ஆட்டுக்கும் அது தீனி, எரிக்காத உயரச் செடிக்குள் குரௌஸ் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மலை ஒட்டுத்துணி தைத்த போர்வை மாதிரி இருக்கும். ஆகஸ்ட் 12 அன்று குரௌஸ் வேட்டை தொடங்கும், பணக்காரர்கள் லண்டனிலிருந்து வருவார்கள், ஊர்ப் பையன்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து பறவைகளை விரட்டிவிட்டுச் சம்பளம் வாங்குவார்கள். வேட்டை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆழமான பீட் மேல் தீ வைப்பதற்கு 2021 முதல் கட்டுப்பாடு வந்திருக்கிறது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், பீட் எரிந்தால் அதற்குள் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கார்பன் காற்றில் போய்விடும். 1976 கோடையில் மழையே இல்லாமல் இங்கிலாந்து முழுக்கக் காய்ந்து, எங்கள் மூரில் தீப்பிடித்து மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்ததும், அந்தப் புகை வாசம் பள்ளிக்கூடச் சீருடையில்கூட இருந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மார்ச் தொடக்கத்தில் கர்லூ பறவை திரும்பி வரும். குளிர்காலத்தைக் கடலோரச் சேற்றில் கழித்துவிட்டு, அந்த நீண்டு வளைந்த அலகோடு, முட்டையிட மூருக்கு. அதன் குரல் கீழ்த்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறிக் கொப்பளித்து ஓடும், அதைக் கேட்டால்தான் எங்கள் ஊரில் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு. வயலில் தலையில் கொண்டையோடு லாப்விங் என்கிற பறவை இருக்கும், கூட்டுப்பக்கம் யாராவது வந்தால் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். அப்பா முதல் தடவை அதைப் பார்த்தபோது நடுவழியில் காரை நிறுத்திவிட்டு, "ஏ, இது நம்மூர் ஆள்காட்டில்லா!" என்று சத்தமாகச் சிரித்தார் என்று அம்மா சொல்வாள். உண்மையிலேயே இரண்டும் ஒரே குடும்பம்தான். குரௌஸோ காலடியில் இருந்து திடீரென்று கிளம்பி, "கோ-பேக், கோ-பேக், கோ-பேக்" என்று கரகரத்துக்கொண்டே தாழப் பறக்கும். அண்ணன் பின்னாலேயே நின்று அதே குரலில் பதில் கொடுப்பான்.

ஜூலை கடைசியில் பில்பெரி. ஹெதருக்கு நடுவில் தாழ்வாக வளரும் செடி, நீலக்கறுப்பில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழம். ஒவ்வொன்றாகத்தான் பறிக்க வேண்டும், ஒரு பாத்திரம் நிறைய ஒரு முழு மதியம் ஆகும், முதுகு போய்விடும். பறித்ததில் பாதி வாய்க்குள் போகும். நாக்கு, பல், விரல், சட்டை எல்லாம் ஊதா. பக்கத்து வீட்டுப் பாட்டி அதில் பை செய்வாள், அழுக்குவாய் பை என்று அதற்குப் பெயர், யார்க்‌ஷயரில் சாவு வீட்டுச் சாப்பாட்டில் அதை வைக்கிற வழக்கம் உண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் வாய் ஊதாவாக இருக்கும். அந்தப் பாட்டி போனபோது அவள் மகள் அந்தப் பையைத்தான் செய்துவைத்தாள். அம்மாவும் அதைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதது எனக்குத் தெரியும்.

எக்டன் பிரிட்ஜ் கிராமத்தில் 1800-ம் ஆண்டு முதல் நடக்கிற நெல்லிக்காய்ப் போட்டி ஒன்று உண்டு. நம் நெல்லிக்காய் இல்லை, கூஸ்பெரி, மெல்லிய தோலோடு நரம்பு தெரிகிற காய். ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை. ஒரு செடியில் ஒன்றிரண்டு காயை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப்போட்டு, அதைக் கண்ணுக்குள் வைத்து வளர்ப்பார்கள். கடைசி வாரம் பெருமழை வந்தால் காய் தண்ணீர் குடித்து வெடித்துவிடும் என்று குடை பிடிக்கிறவர்கள்கூட உண்டு. நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசில் டிராம், கிரெயின் என்ற பழைய அளவில் நிறுப்பார்கள். பரிசு வாங்குகிற காய் கோல்ஃப் பந்து அளவுக்கு இருக்கும். எடை போடுகிறபோது அந்த ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த முரட்டு ஆட்கள், ஒரு பழத்தைப் பஞ்சுக்குள் வைத்துத் தூக்கிவருவதைப் பார்க்க வேண்டும். அம்மா அந்த ஊர் கூஸ்பெரியை உப்பும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் போட்டுத் தொக்காகக் கிண்டிப் பாட்டிலில் வைப்பாள், புளிப்பு பிரமாதமாக இருக்கும். ஒரு பண்ணைக்காரர் அதை ஹாம் என்கிற பதப்படுத்திய பன்றிக்கறியோடு சாப்பிடப் பழகிவிட்டு, ஒவ்வொரு வருஷமும் ஒரு கூடை காயைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

தேனையும் சொல்லிவிடுகிறேன். ஹெதர் பூத்ததும் தேன்வளர்ப்பவர்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூர் ஓரத்துக்கு வருவார்கள். ஹெதர் தேன் ஒழுகாது. ஜெல்லி மாதிரி நிற்கும், அதனால் மற்ற தேனைப்போல இயந்திரத்தில் சுற்றி எடுக்க முடியாது, அடையைப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் அடையோடு வெட்டிச் சாப்பிட வேண்டும். லேசான கசப்பு, கூடவே புகைபோல ஒரு மணம். அதைத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு மற்ற தேன் எல்லாம் வெறும் இனிப்பாகத்தான் தெரிகிறது.

எங்கள் பள்ளத்தாக்கு வழியாக மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி என்கிற கடற்கரை ஊர் வரை ஒரு ரயில் பாதை உண்டு. அறுபதுகளில் கிராமத்து ரயில் பாதைகளை நூற்றுக்கணக்கில் மூடியபோது இது தப்பித்ததற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரு காரணம். குளிர்காலத்தில் சாலை அடைபட்டால் அந்தப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக வேறு வழியே இல்லை. பெரிய வகுப்புக்குப் போனதும் நாங்களும் அந்த ரயிலில்தான் விட்பிக்குப் போனோம். எஸ்க் ஆற்றைத் திரும்பத் திரும்பத் தாண்டிக்கொண்டு அது போகும். கிளெய்ஸ்டேல் பக்கத்தில், ரயில் பாலத்தை ஒட்டி, 1619-ல் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலம் தெரியும். பிச்சைக்காரன் பாலம். ஆறு பெருகியதால் காதலியைக் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல் கப்பலேறிய ஏழைப் பையன், பணக்காரனாகத் திரும்பிவந்து கட்டியது என்று கதை. லீலம் கிராமத்தில் பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குள் வரிசையாகப் போட்ட படிக்கற்களில் தாவித் தாவிக் கடப்போம். மழைக்கு அடுத்த நாள் தாவக்கூடாது என்று கண்டிப்பு. அதே ஆற்றில் இலையுதிர் காலத்தில் சால்மன் எதிர்நீச்சல் போட்டு ஏறும், அணைக்கட்டின் கீழே அது துள்ளுவதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும்.

மூர் மேல் வழி தெரியாமல் போகிறவர்களுக்காகப் பழைய காலத்தில் சிலுவைக் கற்களை நட்டுவைத்திருக்கிறார்கள். ரால்ஃப் கிராஸ் உயரமாக நிற்கும், அதன் தலைப்பகுதிக் குழியில் வசதியானவன் காசு வைக்க வேண்டும், இல்லாதவன் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபேட் பெட்டி என்று பெண்பெயர் வைத்த இன்னொரு கல், குண்டாக, குட்டையாக, சுண்ணாம்பு அடித்த வெள்ளை உடம்போடு. அங்கே சாப்பாடு வைத்துவிட்டு, முன்னால் வந்தவர் வைத்ததை எடுத்துக்கொள்வது பழக்கம். அண்ணன் எப்போதும் சாக்லேட் இருக்கிறதா என்று ஓடிப் பார்ப்பான், பெரும்பாலும் ஆப்பிள்தான் கிடைக்கும். அம்மா ஒரு தடவை முறுக்கு வைத்தாள். 1955-ல் ஒரு பண்ணைக்காரர், ஆஸ்மதர்லியிலிருந்து ரேவன்ஸ்கார் கடற்கரை வரை மூர் வழியாகவே நாற்பது மைலை 24 மணி நேரத்தில் நடக்க முடியுமா என்று சவால் விட்டு, தானே நடந்தும் காட்டினார். லைக் வேக் வாக், அதாவது பிணம் காக்கும் நடை என்று அதற்குப் பெயர், முடித்தவர்களுக்கு சவப்பெட்டி வடிவில் பேட்ஜ். எழுபதுகளில் அவ்வளவு பேர் நடந்தார்கள், பீட் மண் தெரு அகலத்துக்குத் தேய்ந்து சேறாகிவிட்டது. கொப்புளம் வெடித்த காலோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களுக்கு அப்பா கட்டுப் போட்டுவிட, அம்மா சூடாக ரசம் கொடுப்பாள்.

பிக்கரிங்கிலிருந்து விட்பி போகிற சாலையில், ஒன்றுமே இல்லாத மூருக்கு நடுவில், மூன்று ராட்சச வெள்ளைப் பந்துகள் உட்கார்ந்திருக்கும். ஃபைலிங்டேல்ஸ். அணு ஏவுகணை வந்தால் முன்கூட்டியே சொல்ல 1963 முதல் வேலை செய்த ரேடார்கள். குழந்தைகளுக்கு அவை கோல்ஃப் பந்துகள், அவ்வளவுதான், யார் முதலில் பார்க்கிறார்கள் என்று காரில் போட்டி. அது எதற்கு என்று அப்பா விளக்கிய அன்று இரவு நான் தூங்கவில்லை. தொண்ணூறுகளில் அவற்றை எடுத்துவிட்டு ஒரு பிரமிடு மாதிரியான கட்டடத்தை வைத்தார்கள்.

1979 பிப்ரவரி பனியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கிழக்குக் காற்றோடு வந்த பனிப்புயல், கல்சுவர் எல்லாம் காணாமல் போய், சாலையோரம் நட்ட உயரக் கம்பங்களின் நுனி மட்டும் தெரிந்தது. மேல் பண்ணை ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ஒருவர் டிராக்டரோடு வந்து வாசலில் நின்றார். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு, நிற்க இடமில்லாத அந்த டிராக்டரில் அவர் பின்னால் தொற்றிக்கொண்டு, கழுத்தைச் சுற்றி அம்மாவின் கம்பளிச் சால்வையோடு போனார். மறுநாள் மதியம்தான் திரும்பினார். பெண் குழந்தை. அதே வாரம் நாய்கள் பனிக்குவியலை மோந்து மோந்து, ஆடு புதைந்த இடத்தைக் காட்டின. நீளக் கம்பை உள்ளே குத்திப் பார்த்துத் தோண்டுவார்கள். மூச்சுக்காற்றின் சூட்டில் பனிக்கு மேல் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்து அதன் ஓரம் மஞ்சளாகியிருக்கும், அது தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. நாள்கணக்கில் உள்ளே கிடந்து, தன் ரோமத்தையே தின்று, உயிரோடு வெளியே வந்த ஆடுகளை நான் பார்த்தேன்.

இன்றைக்கு அந்தக் கிராமங்களில் பல வீடுகள் விடுமுறை வீடுகள். சாவியைப் பெட்டியில் போட்டுவைத்து வார வாடகைக்கு விடுகிற வீடுகள். நவம்பரில் போனால் வரிசையாக இருட்டு ஜன்னல். அந்த ஊரில் பிறந்த பிள்ளை அங்கே ஒரு வீடு வாங்க முடியாத விலை. பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூடும், கடை மூடும், பஸ் நிற்கும். இதைவிட எனக்குப் பயம் ஹெஃப்ட் பற்றித்தான். மூர் ஆடு வளர்த்தால் காசு கிடையாது, வயசானவர் விட்டுவிட்டால் பிள்ளைகள் எடுப்பதில்லை, மந்தையை விற்றுவிடுகிறார்கள். 2001-ல் கோமாரி வந்து நாடெங்கும் லட்சக்கணக்கில் ஆடுமாடுகளைக் கொன்றபோது, மேய்ச்சல் எல்லை தெரிந்த மந்தை ஒன்று போனால் அதைத் திரும்ப உருவாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று மேட்டுநில விவசாயிகள் கதறினார்கள். தாய் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது, அரசாங்க மானியத்தில் வாங்க முடியாது. சுற்றுலாவுக்கு ஒரு பவுண்டு செலவழித்தால் அதில் ஒரு பங்கு இந்த மந்தைகளை வைத்திருப்பவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஊதா மலையைப் படம் எடுக்க வருகிறவர்கள் பார்ப்பது அவர்கள் உழைப்பைத்தான்.

யாராவது இங்கிலாந்து போகிறவர்கள் இருந்தால், லண்டனையும் ஏரி மாவட்டத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி ரயிலைப் பிடித்து டான்பியில் இறங்குங்கள். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், திரும்பிவரும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊர்க் கடையில் ஏதாவது வாங்குங்கள், ஹெதர் தேன் இருந்தால் அடையோடு கேளுங்கள். மழைச்சட்டை கட்டாயம், வெயில் அடித்தாலும், ஏனென்றால் கடலிலிருந்து ஃப்ரெட் என்கிற மூடுபனி பத்து நிமிஷத்தில் ஏறிவந்துவிடும், அப்போது பாதையை விட்டு நகராமல் நில்லுங்கள். வசந்த காலத்தில் போவதானால் ஃபார்ன்டேல் பள்ளத்தாக்கில் டவ் ஆற்றங்கரை முழுக்கக் காட்டு டாஃபடில் பூத்திருக்கும், ஒன்றுகூடப் பறிக்கக் கூடாது, கூடை கூடையாகப் பறித்துப்போனதால்தான் 1955-ல் அதைப் பாதுகாப்பு இடமாக்கினார்கள். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகச் சட்டமே இருக்கிறது. ஃபேட் பெட்டி வரை ஏறினால் பையில் சாப்பிட ஏதாவது கூடுதலாக எடுத்துப்போங்கள். வழியில் திறந்த கேட்டை மூடிவிடுங்கள்.